குழாயை அளப்பதும் கழிமுகத்தை அளப்பதும்

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலுக்கடியில் கிடந்த ஒரு குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கப்பலில் வரும் அமோனியாவைக் கரையிலுள்ள உர ஆலைக்குக் கொண்டுவரும் குழாய் அது. பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியே ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பிறகு தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு அளவுகளை வெளியிட்டது. ஆலை வாசலருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. இருக்கத்தக்க உச்சம் 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் இருந்தது, உச்சம் 5.

இந்த நான்கு எண்களையும் சற்று நிதானமாகப் பார்த்தால், சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்ற துறையின் பாதிச் சிக்கல் புரிந்துவிடும்.

400 என்பது 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு. 2,090 என்பது அந்த நேரத்தில் கருவி காட்டிய அளவு. ஒரு பேச்சுக்கு, காற்றில் 2,090 மைக்ரோகிராம் நான்கு மணி நேரம் நீடித்து, மீதி இருபது மணி நேரமும் துளி அமோனியாகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாள் சராசரி 348 வரும். காகிதத்தில் வரம்பு மீறப்படவில்லை. ஊரோ வாந்தியெடுத்துக்கொண்டு தெருவில் நிற்கும். அடுத்தது அந்த 5. அது ஆலையின் கழிவுநீர்க் குழாயிலிருந்து கடலில் விடும் நீருக்கான வரம்பு. மீன் நீந்தும் நீரில் எவ்வளவு இருக்கலாம் என்பதற்காக வகுத்ததல்ல. ஆக, இரண்டு இடங்களிலும் கையில் இருந்த அளவுகோல் வேறு வேலைக்காகச் செய்யப்பட்டது. வேறு அளவுகோல் இல்லாததால் அதை வைத்து அளந்தார்கள்.

அனுமதி பெற்ற ஓர் ஆலை என்ன வெளியேற்றுகிறது என்று பார்ப்பது ஒரு வேலை. அதனால் சுற்றியுள்ள காற்றும் நீரும் மண்ணும் உயிர்களும் என்ன ஆகின்றன என்று பார்ப்பது வேறொரு வேலை. முதலாவதை வெளியேற்றக் கண்காணிப்பு என்றும் இரண்டாவதை விளைவுக் கண்காணிப்பு என்றும் வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் முதலாவது ஓரளவு ஊன்றிவிட்டது. இரண்டாவது இன்னும் மெலிந்து கிடக்கிறது என்பது என் கணிப்பு. எண்ணூரை வைத்தே இதை விளக்குகிறேன். ஒரே கழிமுகத்தைச் சுற்றி அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், துறைமுகங்கள், உர ஆலை, சற்றுத் தள்ளி மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலை என்று எல்லாம் கூடியிருக்கும் இடம் அது. இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனி அனுமதியின் கீழ்தான் இயங்குகிறது.

அனுமதியில் என்ன எழுதியிருக்கும்?

பெரிய ஆலைக்கு இரண்டு வகை அனுமதி வேண்டும். ஒன்று, 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஒன்றிய அமைச்சகமோ மாநில அளவிலான ஆணையமோ தரும் சுற்றுச்சூழல் அனுமதி. மற்றொன்று, 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை. கட்டத் தொடங்குமுன் ஒன்று, இயக்கத் தொடங்குமுன் ஒன்று என இசைவாணை நெடுங்காலமாக இரண்டு தடவை வாங்கவேண்டியிருந்தது. கடலோரமாக இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் குறுக்கே வரும். 1991இல் தொடங்கி, 2011, 2019 என்று இருமுறை திருத்தி எழுதப்பட்டது அது. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, நிலத்தை நோக்கி 500 மீட்டர்வரை அதன் கை நீளும்.

சட்டப் பெயர்களை யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. இந்த ஆவணங்கள் எல்லாமே நிபந்தனைப் பட்டியல்கள் என்பது தெரிந்தால் போதும். புகைபோக்கி இவ்வளவு உயரம், கழிவுநீர் நாளொன்றுக்கு இத்தனை லிட்டர், அதில் இன்னின்ன பொருள் இவ்வளவுக்குள், வளாகத்தில் மூன்றில் ஒரு பங்கு மரங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை என்று பக்கம் பக்கமாகப் போகும். கண்காணிப்பு இந்தப் பட்டியலுக்குள்தான் நடக்கும். பட்டியலில் இல்லாததை அளக்க ஆலைக்குக் கடமை இல்லை.

செறிவும் சுமையும்

வரம்புகள் பெரும்பாலும் செறிவாகவே, அதாவது ஒரு லிட்டரில் எவ்வளவு என்றே, சொல்லப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, கழிவுநீரில் உள்ள அழுகும் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கு ஒன்று உண்டு. பொதுவான தரநிலையின்படி, ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலோர நீரில் விடுவதென்றால் 100 வரை போகலாம். கடல் பெரிது, கரைத்துவிடும் என்ற நம்பிக்கையே இந்தத் தாராளத்துக்குக் காரணம். திறந்த கடலுக்கு அது பொருந்தலாம். கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, ஓதம் ஏறுவதும் வற்றுவதும் தளர்ந்து தேங்கிக் கிடக்கும் ஒரு கழிமுகத்துக்கு எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று, செறிவை மட்டும் பார்த்தால் மொத்தச் சுமை கண்ணில் படாது. லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அதே தரத்தில் ஓர் ஆலை நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் விட்டால் 100 கிலோ சேரும். ஒரு கோடி லிட்டர் விட்டால் ஒரு டன். இரண்டும் வரம்புக்கு உட்பட்டவைதான். இசைவாணையில் மொத்த அளவும் குறிக்கப்பட்டிருக்கும் என்றாலும், செய்திகளிலும் கூட்டங்களிலும் பேச்சு எப்போதும் செறிவைச் சுற்றியே ஓடுகிறது. அறிக்கை எதையாவது படிக்க நேர்ந்தால், செறிவையும் அளவையும் பெருக்கிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

அடுத்த சிக்கல் கூட்டல். வெவ்வேறு குழாய்களிலிருந்து வருபவை கழிமுகத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அமோனியாவையே எடுத்துக்கொள்வோம். நீரில் அது இரண்டு வடிவில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருந்தால் மீனுக்கு அவ்வளவு கேடில்லை; அயனியாகாத அமோனியாவாக இருந்தால் செவுளைத் தாக்கும் நஞ்சு. நீர் சூடானாலோ காரத்தன்மை கூடினாலோ நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறும். 25 டிகிரியில் இருக்கும் நீர் 35 டிகிரிக்குச் சூடானால் அந்தப் பங்கு ஏறத்தாழ இரட்டிக்கும். இப்போது அனல்மின் நிலையத்தின் குளிர்விப்பு நீரை நினைத்துப் பாருங்கள். கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்கள் அதைத் திருப்பி விடும்போது, அது சேரும் நீரின் வெப்பம் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் உயரக்கூடாது என்பது விதி. மின் நிலையம் 7 டிகிரிக்குள் இருக்கலாம், இன்னோர் ஆலை அமோனியாவை வரம்புக்குள் வைத்திருக்கலாம், இரண்டு அறிக்கைகளிலும் பச்சை விளக்கு எரியலாம். சூடும் அமோனியாவும் சேரும் இடத்தில் மீன் செத்தால் அது எந்த அறிக்கையிலும் வராது. போதாக்குறைக்கு, சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும். நன்னீரில் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் கரையும் என்றால், 35 டிகிரியில் 7க்குச் சற்றுக் கீழே இறங்கிவிடும். கடல்நீரில் இன்னும் குறைவு.

குழாயை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் இது தெரியாது. கழிமுகத்துக்குள் இறங்கித்தான் அளக்கவேண்டும்.

முன்பு எப்படி இருந்தது?

விளைவு என்றால் மாற்றம். மாற்றத்தைச் சொல்ல, முன்பிருந்த நிலை தெரியவேண்டும். இதை அடிப்படை நிலை என்பார்கள். கல்பாக்கத்தில் முதல் அணுஉலை 1983இல் இயங்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கே சுற்றுச்சூழல் ஆய்வகம் ஒன்று வேலையைத் தொடங்கிவிட்டது. காற்று, நீர், மண், மீன் எல்லாவற்றிலும் இயற்கையாக இருந்த கதிரியக்கத்தைக் குறித்து வைத்ததால், பிறகு வந்த எண்களை ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளி கிடைத்தது. அணுஉலை குறித்து நமக்கு என்ன கருத்து இருந்தாலும், முறை என்ற அளவில் அது சரியான முறை.

சாதாரண ஆலைகளுக்கு அந்த அளவுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை. சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது தரும் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுவாக ஒரு பருவத்தின் தரவு போதும். மழைக்காலத்தைத் தவிர்த்த ஒரு பருவம். வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் கரைக்கு இது விசித்திரமான ஏற்பாடு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, எண்ணூரில் கடல் சேரும் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து முகத்துவாரத்தை அறுத்துத் திறக்கும். நீரின் உப்பு இறங்கும். இறால் குஞ்சுகள் போக்குவரத்து நடத்தும். மார்ச்சிலிருந்து மே வரை எடுத்த மாதிரிகளில் இந்தக் கழிமுகத்தின் பாதி வாழ்க்கை இருக்காது.

அடிப்படை நிலை தெரிந்தாலும் அது மட்டும் போதாது. ஆலை வந்த பிறகு மீன் குறைந்தது என்றால், அந்த ஆண்டு மழை பொய்த்ததால்கூடக் குறைந்திருக்கலாம். ஆகவே ஆலையின் தாக்கம் எட்டாத, மற்றபடி இதே போன்ற இன்னோர் இடத்தையும் சேர்த்து அளப்பார்கள். இரண்டு இடங்களிலும் சேர்ந்து குறைந்தால் காரணம் பொதுவானது. இங்கே மட்டும் குறைந்தால் ஆலையின் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும். எண்ணூருக்கு அப்படி ஒப்பிட ஏற்ற, கை படாத ஒரு கழிமுகத்தைச் சென்னைக் கரையில் தேடுவது எளிதல்ல என்பது வேறு கதை.

எங்கே, எப்போது, எந்த ஆழத்தில்?

நீர் மாதிரி எடுப்பது பாட்டிலை முக்கி எடுப்பதோடு முடிகிற வேலை போலத் தோன்றும். கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். பகலில் பாசிகள் வெயிலில் ஒளிச்சேர்க்கை செய்து நீருக்குள் ஆக்சிஜனை விடுகின்றன. இரவில் அவையும் சுவாசித்து அதைத் தின்கின்றன. எனவே விடிவதற்குச் சற்று முன்னால்தான் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும். மீன்கள் மூச்சடைத்துச் சாவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அலுவலக நேரத்தில், காலை பதினொரு மணிக்கு மாதிரி எடுத்தால் நீர் ஆரோக்கியமாகவே தெரியும்.

ஆழமும் அப்படித்தான். குளிர்விப்பு நீர் சூடாக இருப்பதால் இலகுவாகி மேற்பரப்பில் பரவும். அதே கரையில், காட்டுப்பள்ளியில், 2010இல் தொடங்கிய மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையங்கள் கடலில் திருப்பி விடும் உப்புநீரில் கடலைப் போல ஏறத்தாழ இரு மடங்கு உப்பு இருக்கும். அது கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். முன்னதை அடியிலும் பின்னதை மேலேயும் அளந்தால் இரண்டிலும் எதுவும் தெரியாது. அறிக்கையிலும் பொய் இருக்காது.

ஓதமும் ஒரு கணக்கு. நீர் ஏறும்போது கடலின் தெளிந்த நீர் உள்ளே வருகிறது. வற்றும்போது கழிமுகத்தின் நீர் வெளியே போகிறது. எந்த நேரத்தில் எடுத்தது என்று குறிக்காத மாதிரியை மற்றொன்றோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஒருமுறை எடுத்த மாதிரிக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. ஆய்வுக்கு வருகிறோம் என்று முன்கூட்டித் தெரிந்துவிட்டால், பெண் பார்க்க வரும் நாளில் வீடு இருப்பது போலத்தான் ஆலையும் இருக்கும். இதற்கு மாற்றாகத்தான் மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2014இல் அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலும் கழிவுநீர்க் குழாயிலும் தொடர் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தவேண்டும் என்று உத்தரவிட்டது. அளவுகள் இரவும் பகலும் வாரியத்தின் கணினிக்கு வந்துகொண்டிருக்கும். நல்ல முன்னேற்றம் இது, மறுக்கவில்லை. ஆனால் கருவியை வாங்குவதும் பராமரிப்பதும் சரிபார்ப்பதும் ஆலையின் பொறுப்பு. மேலும், கருவி இருக்கும் குழாயைத்தான் கருவி பார்க்கும்.

அமோனியா கசிந்த அதே டிசம்பரின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து சேர்ந்தது. படகும் வலையும் அலையாத்தி வேர்களும் கருத்தன. எண்ணெயில் தோய்ந்த கூழைக்கடாக்களின் படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மழைநீரோடு கலந்து, கால்வாயும் கரையும் மீறி ஓடும் வெள்ளத்துக்குக் கழிவுநீர்க் குழாயில் பொருத்திய கருவி என்ன செய்யும்? அசாதாரண நாளில் நடப்பதற்குத் தனியாக நிபந்தனை எழுதவேண்டும்.

பாட்டிலில் அடங்காதவை

சில விளைவுகளுக்கு மாதிரி எடுக்கவே முடியாது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டிருக்கிறது. குறுக்கே அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றதும் இப்படித்தான். ஒரு துறைமுகத்தின் விளைவைக் கண்காணிப்பதென்றால், அதன் மதில்சுவரைத் தாண்டி வடக்கே பல கிலோமீட்டர் தூரம் கரைக்கோட்டை ஆண்டுதோறும், முடிந்தால் மழைக்கு முன்னும் பின்னும், அளந்து வைக்கவேண்டும்.

உயிர்கள் இன்னொரு வகைச் சாட்சி. நீர் ஓடிவிடும், நேற்று விட்ட கழிவு இன்று பாட்டிலில் சிக்காது. சேற்றிலும் சேற்றில் வாழும் புழு, மட்டி, நண்டுகளிலும் பல மாதங்களின் கதை பதிந்திருக்கும். கன உலோகங்கள் வண்டலில் படிகின்றன; நீரை வடிகட்டித் தின்னும் மட்டிகள் அவற்றை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. நல்ல நிலையில் உள்ள சேற்றில் பலவகைப் புழுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கும். கெட்டுப்போன சேற்றில் தாக்குப்பிடிக்கும் ஓரிரு வகைகள் மட்டும் ஏராளமாகப் பெருகும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் உயிர் செழித்திருப்பதாகத் தோன்றும். வகைகளை எண்ணினால்தான் உண்மை தெரியும்.

இந்த விஷயத்தில் எண்ணூர் மீனவர்கள் ஆய்வகங்களைவிட வேகமானவர்கள். அவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் ஒரு கருப்பு மட்டி சில ஆண்டுகளாகக் கழிமுகத்தின் அடியில் பாய் விரித்தாற்போல் பரவிவிட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்த உயிரி அது. கப்பல்கள் நிலை குலையாதிருக்க ஏற்றிவரும் நீரோடு வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. இறால் புதைந்து வாழும் சேற்றை அது மூடிவிடுகிறது. கையால் தடவி இறால் பிடிப்பவர்களுக்குப் பிழைப்பே போகிறது. ஆக்சிஜனும் அமோனியாவும் உப்பும் எல்லாம் வரம்புக்குள் இருந்தாலும் இது நடந்திருக்கும். எந்த ஆலையின் நிபந்தனைப் பட்டியலிலும் மட்டியைப் பார் என்று எழுதியிருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். முதலில் பார்த்தவர்கள் தினமும் அந்தச் சேற்றில் கால் வைப்பவர்கள். அவர்கள் சொல்வதைக் குறித்து வைக்க ஒரு முறையான வழி கண்காணிப்புத் திட்டத்திலேயே இருக்கவேண்டும். மீன்பாடு எவ்வளவு, எந்த வகை, எந்த மாதம் என்ற நாட்குறிப்பே நல்ல தரவுதான்.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளுக்குள் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றியது என்று அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள் என்றும், விண்ணப்பித்தால் யாருக்கும் நகல் தரப்படவேண்டும் என்றும் 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. எழுதுவது நிறுவனமே என்பதையும், மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகத்துக்குப் பணம் தருவதும் பெரும்பாலும் அதே நிறுவனம் என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

'நிறைவேற்றப்பட்டது', 'கடைப்பிடிக்கப்படுகிறது' என்ற வரிகளைத் தாண்டி நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். மாதிரி எடுத்த இடங்கள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா, அவை எல்லாம் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றனவா, கழிமுகத்திலும் ஏதாவது உண்டா என்று பாருங்கள். தேதியோடு நேரமும், ஓதம் ஏறியதா வற்றியதா என்பதும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முந்தைய அறிக்கையை அருகில் வைத்து எண்களை ஒப்பிடுங்கள். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் ஒரே எண் வந்திருந்தால், கழிமுகம் மாறவில்லை என்று பொருளல்ல, நகல் எடுத்திருக்கக்கூடும். பிறகு மதிப்பீட்டு அறிக்கையில் இருக்கும் அடிப்படை நிலை அட்டவணையை எடுத்து, அதே இடங்களில்தான் இப்போதும் அளக்கிறார்களா என்று சரிபாருங்கள். இடம் மாறியிருந்தால் ஒப்பீடு செல்லாது.

ஏதாவது விடுபட்டிருந்தால் வாரியத்திடமோ அமைச்சகத்தின் சென்னை அலுவலகத்திடமோ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். முப்பது நாளில் பதில் தரவேண்டும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். "கழிமுகம் மாசுபட்டிருக்கிறதா?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த ஆழத்தில் மாதிரி எடுத்தீர்கள், ஆய்வகத்தின் மூல அறிக்கையின் நகலைத் தாருங்கள் என்று கேட்டால், தாள் வந்தே ஆகவேண்டும். அப்படி ஒன்று இல்லை என்றால், இல்லை என்று எழுத்தில் தரவேண்டியிருக்கும். பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் அந்தத் தாளுக்கும் மதிப்பு உண்டு.